அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?

திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு வராந்தாவில் தினமும் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகிறார்கள். போன மாதம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை என் முன்னால் நீட்டினாள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. விடையின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

“கூட்டத்தானே சொன்னாங்க மிஸ்? கூட்டினேன். இதுல என்ன தப்பு?” என்றாள்.

நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பின்னத்தில் தடுக்கி நிற்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர நினைக்கும் அப்பா அம்மாவுக்கும் இது உதவ வேண்டும்.

“கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நிற்கிறாய். பஸ் ஏறிக் கன்னியக்கோவில் போய்ச் சேர மணியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. மொத்தம் எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “அரை மணி முப்பது நிமிஷம், மூணுல ஒண்ணு இருபது நிமிஷம், அம்பது நிமிஷம்.” சரி, நீ எழுதிய 2/5 மணி எத்தனை நிமிடம்? அறுபதை ஐந்தாகப் பிரித்தால் பன்னிரண்டு, இரண்டு பன்னிரண்டு இருபத்து நான்கு. சொல்லி முடிப்பதற்குள் அவளே, “நின்ன நேரமே முப்பது நிமிஷமாச்சே!” என்றாள்.

ஐம்பது நிமிடம் என்பது மணியில் 50/60. பத்தால் சுருக்கினால் 5/6. அதுதான் சரியான விடை. யாரும் சொல்லித் தராமலே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எப்படி? அரை, மூன்றில் ஒன்று என்ற இரண்டையும் நிமிடமாக மாற்றிக்கொண்டாள். மாற்றிய பிறகு கூட்டல் ஒன்றாம் வகுப்புக் கூட்டல்தான். பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண், வேறான பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும் இவ்வளவுதான்: இரண்டுக்கும் பொதுவான ஒரு சின்ன அளவைத் தேடிப் பிடித்து, இரண்டையும் அந்த அளவில் சொல்வது.

அவள் எழுதிய 2/5-ஐயும் அப்படியே தூக்கிப் போட எனக்கு மனசில்லை. அதற்கும் ஓர் இடம் உண்டு. ஒரு பரீட்சையில் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, இன்னொரு பரீட்சையில் மூன்று கேள்விக்கு ஒன்று சரி என்றால், மொத்தம் ஐந்து கேள்விக்கு இரண்டு சரி. அங்கே மேலும் கீழும் கூட்டுவதுதான் முறை. ஆனால் அங்கே முழுசு என்பது ஒன்றல்ல, இரண்டு தனித்தனிப் பரீட்சைகள். பின்னக் கூட்டலில் முழுசு ஒன்றே ஒன்றுதான். அதே ஒரு மணி நேரம், அதே ஒரு படி அரிசி. மதிப்பெண் கூட்டும் பழக்கத்தைப் பிள்ளை இங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அந்தத் தவறுக்குள் ஒரு யோசனை இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் திருத்தினால் ஏறும்.

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 3/4 என்றால், ஒன்றை நான்கு பகுதியாக்கி அதில் மூன்றைத் தொகுத்து எடுத்தது. தொகுதி ஓர் எண்ணிக்கை, ‘எத்தனை’ என்று சொல்கிறது. பகுதியும் எண் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அது செய்யும் வேலை வேறு. எந்த அளவுத் துண்டு என்று சொல்லும் பெயர் அது. ‘மூன்று கால்’ என்று படித்தால் இது பளிச்சென்று தெரியும். மூன்று எண்ணிக்கை, கால் பெயர். இரண்டு கால் கூட ஒரு கால், மூன்று கால். பெயரை யாரும் கூட்டுவதில்லை. அதனால்தான் 2/4 + 1/4 = 3/4 என்னும்போது கீழே உள்ள நான்கு அசையாமல் இருக்கிறது.

பகுதி ஒன்றாக இருக்கும் பின்னங்களை ஓரினப் பின்னங்கள் என்றும், வெவ்வேறாக இருப்பவற்றை வேற்றினப் பின்னங்கள் என்றும் பாடப்புத்தகம் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பெயர்கள் இவை. வேறு வேறு இனத்தை ஓரினமாக்கு, அப்புறம் கூட்டு. செய்ய வேண்டியதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது பள்ளியில் இல்லை. என் ஆயா மஞ்சக்குப்பத்தில் அரிசியும் பயறும் அளந்து விற்றவர். அவரிடம் ஓர் இரும்புப் படி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் உரி என்பது அரைப்படி, உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி, அதாவது 1/8. யாராவது அரைப்படி பயறு கேட்டு வாங்கிவிட்டு, “இன்னும் ஓர் ஆழாக்கு போடு ஆயா” என்றால், காசு கேட்கும்போது அவர் அஞ்சு ஆழாக்கு என்றுதான் கணக்குச் சொல்வார். அரைப்படி அவர் மனசில் நான்கு ஆழாக்காக மாறியிருக்கும். எழுதிப் பார்த்தால் 1/2 + 1/8 = 4/8 + 1/8 = 5/8. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. அரைக்கால் என்பது அரையும் காலும் சேர்ந்தது இல்லை, காலில் அரை. அரையும் காலும் கூடினால் முக்கால். வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டுப் பழகாத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது குழம்புகிறது. ஒரு தடவை அளந்து காட்டினால் போதும்.

ஆழாக்குக் கணக்கு சுலபமாக வந்ததற்குக் காரணம், பாதி, பாதியில் பாதி என்றே போனதுதான். 1/3 + 1/4 என்றால்? மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் ஒருசேர அளக்கும் துண்டு எது? இதற்குப் பழைய நோட்டிலிருந்து ஒரே அளவில் இரண்டு தாள் கிழித்துக்கொள்ளுங்கள். முதல் தாளை நெடுக்காக மூன்றாக மடித்துப் பிரியுங்கள். நீளமாக மூன்று பட்டை தெரியும். அதில் ஒரு பட்டைக்குப் பச்சைக் கலர் அடியுங்கள். அது 1/3. இரண்டாவது தாளைக் குறுக்காக நான்காக மடித்து, ஒரு பட்டைக்கு ஆரஞ்சு அடியுங்கள். அது 1/4. பச்சைப் பட்டையும் ஆரஞ்சுப் பட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத உருவம். பக்கத்தில் வைத்தால் ‘இரண்டு’ என்று சொல்லலாம், ‘இரண்டு என்ன?’ என்று கேட்டால் பதில் கிடையாது.

இப்போது முதல் தாளைக் குறுக்கே நான்காகவும் மடியுங்கள். இரண்டாவது தாளை நெடுக்கே மூன்றாகவும் மடியுங்கள். இரண்டு தாளிலும் பன்னிரண்டு கட்டம். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. பச்சையில் நான்கு கட்டம் இருக்கிறது, ஆரஞ்சில் மூன்று கட்டம் இருக்கிறது. மொத்தம் ஏழு கட்டம். பன்னிரண்டில் ஏழு.

1/3 + 1/4 = 4/12 + 3/12 = 7/12

ஒரே தாளில் இரண்டு கலரையும் அடிக்கப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அப்போது பச்சைப் பட்டையும் ஆரஞ்சுப் பட்டையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒரு கட்டம் இரண்டு கலரையும் வாங்கிக்கொள்ளும். எண்ணினால் ஆறுதான் வரும். அந்தக் கட்டத்தை இரண்டு முறை எண்ண வேண்டும் என்று விளக்குவதை விட, இரண்டு தாள் எடுத்துக்கொள்வது மேல்.

தாளை மடித்தபோது பச்சைப் பட்டை பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. அதன் மேல் கோடுகள் மட்டும் கூடின. ஒரு துண்டு நான்கு சின்னத் துண்டாயிற்று, முழுத் தாளின் மூன்று துண்டும் பன்னிரண்டாயிற்று. 1/3-ஐ மேலும் கீழும் நான்கால் பெருக்கி 4/12 என்று எழுதுகிறோமே, அது இந்த மடிப்புதான். மேலே மட்டும் பெருக்கினால் பங்கே மாறிவிடும். இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினால் பெயர் மாறும், அளவு மாறாது. சமான பின்னம் என்பது இதுவே.

சரி, எல்லாக் கணக்குக்கும் தாள் மடித்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பகுதிகளும் மீதியில்லாமல் வகுக்கும் ஓர் எண் வேண்டும். அது கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். இரண்டு பகுதிகளில் பெரியதை எடுத்துக்கொள். அதன் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போ. சின்னப் பகுதியால் மீதியில்லாமல் வகுபடும் முதல் எண்ணில் நில். 5/12 + 7/18 என்ற கணக்கில் பெரியது பதினெட்டு. பதினெட்டு பன்னிரண்டால் வகுபடாது. அடுத்தது முப்பத்தாறு, வகுபடும். நில். பன்னிரண்டை முப்பத்தாறாக்க மூன்றால் பெருக்க வேண்டும், மேலேயும் மூன்று: 15/36. பதினெட்டுக்கு இரண்டு, மேலேயும் இரண்டு: 14/36. கூட்டினால் 29/36.

நின்ற அந்த எண்ணுக்கு மீச்சிறு பொது மடங்கு என்று பெயர். மீ.சி.ம. என்றும் மீ.பொ.ம. என்றும் சுருக்கிச் சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு வாய்ப்பாட்டிலும் பொதுவாக வரும் எண்களில் மிகச் சின்னது, அவ்வளவுதான். பகுதிகளில் ஒன்று மற்றொன்றின் மடங்காகவே இருந்தால் (2, 8 மாதிரி) பெரியதே விடை. இரண்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லையென்றால் (3, 4 மாதிரி) பெருக்கற்பலனே விடை.

மிகச் சின்னதுதான் வேண்டுமா? கட்டாயம் இல்லை. இதைப் பல பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். 7/8 − 5/6 என்ற கணக்கை எடுங்கள். மீச்சிறு பொது மடங்கு 24. அதில் 21/24 − 20/24 = 1/24. அது நினைவுக்கு வரவில்லை, எட்டையும் ஆறையும் பெருக்கி 48 என்று வைத்துக்கொண்டேன் என்றால்? 42/48 − 40/48 = 2/48. இரண்டால் சுருக்கினால் அதே 1/24. பொதுவான எந்த மடங்கும் சரியான விடையைத்தான் தரும். சின்னதை எடுத்தால் எண்கள் கைக்கு அடக்கமாக இருக்கும், கடைசியில் சுருக்கும் வேலை குறையும். மீ.சி.ம. தெரியவில்லை என்று பரீட்சையில் கணக்கையே விட்டுவிட்டு வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பெருக்கிப் போட்டிருந்தால் விடை வந்திருக்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர், ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலில் இந்த மீச்சிறு பொது மடங்குக்கு ‘நிருத்தம்’ என்று பெயர் கொடுத்து, பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொண்டுவர அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லியிருக்கிறார். பின்னங்களை அப்படி ஒன்றாக்குவதற்கு வடமொழியில் ‘கலாசவர்ணம்’ என்று பெயர். சவர்ணம் என்றால் ஒரே நிறம், ஒரே இனம். நம் ‘ஓரினம்’ அங்கேயும் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரும் ஒரு காலத்தில் பேர்பெற்ற சமண மடம் இருந்த ஊர் என்பதால், பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

தமிழிலேயே இதைவிட அருமையான ஒன்று இருக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் முக்கால், அரை, கால் என்பதோடு நிற்கவில்லை. அரைக்கால் 1/8, மாகாணி 1/16 (இதையே வீசம் என்றும் சொல்வார்கள்), மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று கீழே இறங்கிக்கொண்டே போனார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் முந்திரி என்றதும் சிரிப்பார்கள். பின்ன முந்திரிக்கும் முந்திரிக்கொட்டைக்கும் சம்பந்தமில்லை. கொட்டை முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. நிலம் அளக்கும் காணியும் வேறு, இந்தக் காணியும் வேறு.

இப்போது ‘மாகாணி’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மா, காணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் பதினாறில் ஒன்றா? போட்டுப் பார்ப்போம். இருபதும் எண்பதும் பகுதிகள். எண்பது இருபதின் மடங்கு. 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80. ஐந்தால் சுருக்கினால் 1/16. அந்தப் பெயர் ஒரு கூட்டல் கணக்கு! பகுதி வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டி, சுருக்கி, விடையைப் பெயராகவே வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நான் நெடுநேரம் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்திரிதான் அந்தக் கணக்கின் ஆழாக்கு. காணி 4 முந்திரி, மா 16 முந்திரி, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. எதை எதோடு கூட்டினாலும் முந்திரியில் கொண்டுவந்து கூட்டிவிடலாம். அரைக்காலும் மாகாணியும்? 40 + 20 = 60 முந்திரி. 60/320 = 3/16, அதாவது மூன்று வீசம்.

ஆனால் இந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்குத் தனிப் பெயர் இல்லை. ‘மூன்றில் ஒன்று’ என்றுதான் சொல்ல வேண்டும். 320-ஐ உடைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். 320 = 64 × 5. அதில் இரண்டுகளும் ஓர் ஐந்தும்தான் இருக்கின்றன, மூன்று இல்லை. எனவே முந்திரியால் மூன்றில் ஒன்றை அளக்கவே முடியாது. புதுச்சேரியில் இதற்கு நேர்மாறான ஒன்று புழக்கத்தில் இருந்தது. பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகளில் 1923 முதல் விலை ஃபனோன், காஷ் என்று அச்சாகியிருக்கும். நம் பணமும் காசும்தான் அவை. ஒரு ரூபாய்க்கு 8 ஃபனோன், ஒரு ஃபனோனுக்கு 24 காஷ். ஆக ரூபாய்க்கு 192 காஷ். கடலூர்ப் பக்கம் இருந்த ஆங்கிலேய ரூபாயில் 16 அணா, அணாவுக்கு 12 பை. பெருக்கினால் அங்கேயும் 192! 192 = 64 × 3. இதில் மூன்று இருக்கிறது, ஐந்து இல்லை. ரூபாயில் ஆறில் ஒன்று 32 காஷ், எட்டில் ஒன்று 24 காஷ், இரண்டும் சேர்ந்தால் 56 காஷ். 56/192 = 7/24. ஐந்தில் ஒன்று கேட்டால் மட்டும் காசை உடைக்க வேண்டும். 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆன பிறகு நிலைமை திரும்பிவிட்டது. ஐந்தில் ஒன்று 20 பைசா, மூன்றில் ஒன்று 33 பைசா போக மிச்சம் தொங்கும்.

எந்தப் பின்னங்களை மிச்சமில்லாமல் அளந்து கூட்டலாம் என்பதைப் பொது அளவுக்குள் ஒளிந்திருக்கும் காரணிகள்தான் முடிவு செய்கின்றன. மீ.சி.ம. கண்டுபிடிக்கும்போது பகா எண்களாக உடைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கழித்தலுக்குத் தனி விதி எதுவும் இல்லை. ஓரினமாக்கு, தொகுதியைக் கழி. சிக்கல் வருவது ஒன்றேகால், மூன்றரை மாதிரி முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்புப் பின்னங்களில்தான். அதற்கு ஒரு மனைக் கணக்கு.

புதுச்சேரிப் பக்கம் மனையை இன்றும் குழிக் கணக்கில் பேசுகிறார்கள். ஒரு குழி 576 சதுர அடி, இருபத்து நான்கு அடிக்கு இருபத்து நான்கு. ஒரு குடும்பத்துக்கு மூன்றேகால் குழி மனை. அதில் தங்கைக்கு ஒன்றும் மூன்றில் இரண்டும் குழி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதி எவ்வளவு?

3 1/4 − 1 2/3. நான்குக்கும் மூன்றுக்கும் பொது பன்னிரண்டு. 3 3/12 − 1 8/12. மூன்றிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது. இங்கேதான் பிள்ளைகள் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து ஐந்து என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், மூன்று முழுக் குழியில் ஒன்றை உடைக்க வேண்டும். ஒரு முழுக் குழி என்பது 12/12. கையில் ஏற்கெனவே 3/12 இருக்கிறது. சேர்த்தால் 15/12. மூன்றேகால் இப்போது 2 15/12 என்று நிற்கிறது. இரண்டிலிருந்து ஒன்று போனால் ஒன்று, பதினைந்திலிருந்து எட்டு போனால் ஏழு. மீதி 1 7/12 குழி.

சதுர அடியில் சரிபார்ப்போம். மூன்றேகால் குழி 1872 சதுர அடி. தங்கையின் பங்கு 576-ம் 384-ம் சேர்ந்து 960. மீதி 912. நம் விடைப்படி ஒரு குழி 576, அதோடு பன்னிரண்டில் ஏழு பங்கு. 576-ஐப் பன்னிரண்டாகப் பிரித்தால் 48, ஏழு நாற்பத்தெட்டு 336. கூட்டினால் 912. ஒத்துப்போகிறது. சதுர அடியாக மாற்றியது பஸ் கணக்கில் நிமிடமாக மாற்றிய அதே வேலை. முழு எண்ணில் கடன் வாங்கக் குழப்பமாக இருக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தகா பின்னமாக, அதாவது தொகுதி பகுதியைவிடப் பெரிதாக இருக்கும் பின்னமாக, மாற்றிக்கொள்ளலாம்: 13/4 − 5/3 = 39/12 − 20/12 = 19/12. அதுவும் 1 7/12-தான்.

மூன்று பின்னங்கள் வந்தாலும் வழி மாறாது. ஒரு பெரியவர் தன் 23 ஆடுகளில் மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவளுக்கு மூன்றில் ஒன்று, கடைசிப் பிள்ளைக்கு எட்டில் ஒன்று என்று எழுதிவைத்தாராம். இருபத்து மூன்றைப் பாதியாக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இப்போது இருபத்து நான்கு. பாதி 12, மூன்றில் ஒன்று 8, எட்டில் ஒன்று 3. கூட்டினால் 23. மிச்சம் நின்ற தன் ஆட்டை அவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த மாதிரிக் கதையைக் கேட்கும் பிள்ளைகள் மாயம் என்று வாயைப் பிளப்பார்கள். 1/2 + 1/3 + 1/8 கூட்டிப் பாருங்கள். பொதுப் பகுதி 24. 12/24 + 8/24 + 3/24 = 23/24. பெரியவர் முழுசையும் பங்கு போடவே இல்லை, இருபத்து நான்கில் ஒரு பங்கை விட்டுவிட்டார். மிச்சம் நின்ற ஆடு அந்த விட்டுப்போன பங்குதான்.

கடைசியாக ஒரு பழக்கம். கணக்குப் போடும் முன் விடை எந்தப் பக்கம் வரும் என்று ஒரு கண் பார்த்துவிடுங்கள். அரையோடு எதைக் கூட்டினாலும் அரைக்கு மேல் வர வேண்டும். 7/8, 5/6 இரண்டும் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, கழித்தால் கொஞ்சம்தான் மிஞ்ச வேண்டும். பகுதியை மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறப்பதுதான் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை. 1/3 + 1/4-ஐ 1/12 + 1/12 என்று எழுதி 2/12 என்பார்கள். பன்னிரண்டில் இரண்டு என்றால் ஆறில் ஒன்று. கூட்டப் போன கால் பங்கைவிடக் குறைவு. இந்த ஒரு பார்வை இருந்தால் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

போன வாரம் அந்தப் பெண்ணிடம் ஆயாவின் ஆழாக்கைக் கையில் கொடுத்தேன். “ஓர் ஆழாக்கு அரிசி இருக்கு. அதோடு ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கு சேர்க்கணும். மொத்தம் எத்தனை படி?” ஆழாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படியில் மூன்றில் ஒன்று எத்தனை ஆழாக்கு என்று எட்டை மூன்றால் வகுத்துப் பார்த்தாள், வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “இந்த ஆழாக்கு பத்தாது மிஸ். ஒவ்வொரு ஆழாக்கையும் மூணாப் பிரிச்சு ஒரு குட்டி ஆழாக்கு செய்யணும். அப்போ ஒரு படிக்கு இருபத்து நாலு குட்டி. என்கிட்ட இருக்கிறது மூணு குட்டி, சேர்க்கிறது எட்டு குட்டி” என்றாள். நோட்டை எடுத்து 11/24 என்று எழுதிவிட்டு, குட்டி ஆழாக்குக்கு ஏதாவது பேர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நீயே வை என்றேன்.